சுகர் வந்த பிறகு உணவியல் படிக்கப் போகிறீர்களா? மதுரையில் இருந்துகொண்டே தொழில் மாற ஒரு முழு வழிகாட்டி

2022 தீபாவளிக்கு முந்தைய மாதம் முழுக்க எனக்குத் தாகமாகவே இருந்தது. தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் 14 வருஷமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தீபாவளி வியாபாரத்தில் யாருக்குத்தான் தாகம் எடுக்காது என்று விட்டுவிட்டேன். கூட்டம் ஓய்ந்த பிறகு ரத்தப் பரிசோதனைக்குப் போனால் வெறும் வயிற்றில் சுகர் 168, மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.4. வயது 37. வெறும் வயிற்றில் 126, மூன்று மாதச் சராசரி 6.5 வந்தாலே சர்க்கரை நோய்தான் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று ராத்திரியே வீட்டில் அறிவித்தேன்: "வேலையை விடப் போறேன். சாப்பாட்டைப் பத்திப் படிக்கப் போறேன்." என் வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "முதல்ல மாத்திரையைப் போடு" என்றார். இந்த வழிகாட்டியின் முதல் படியும் கிட்டத்தட்ட அதுதான்.

இப்போது பி.எஸ்சி. உணவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இன்னும் டயட்டீஷியன் ஆகவில்லை. பாதி வழியில் நிற்பவள் எழுதுகிறாள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். பாதி வழி வந்ததில் ஒரு லாபம் உண்டு: எங்கெங்கே வழுக்கினேன் என்பது இன்னும் மறக்கவில்லை.

முதல் படி: ஆறு மாதம் எதிலும் சேராதீர்கள்

நோய் தெரிந்தவுடன் வரும் வேகம் இருக்கிறதே, அது பயத்தின் வேகம். அந்த நேரத்தில் யார் எதை விற்றாலும் வாங்குவோம். ஆகவே முதல் ஆறு மாதம் மருத்துவர் சொன்னதைச் செய்யுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கையில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் என்பதற்குக் காரணம் உண்டு. மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை, ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளக்கிறது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். ஆறு மாதம் பொறுத்தால் இரண்டு அளவு கைக்கு வரும். ஒரே அளவை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்பது கணக்குக்காரிக்குத் தெரியாதா?

நோட்டில் நான் போட்ட கட்டங்கள்: மணி, சாப்பிட்டது, அளவு, எங்கே சாப்பிட்டேன், இரண்டு மணி நேரம் கழித்து சுகர், முந்தைய ராத்திரி எத்தனை மணி நேரத் தூக்கம். இதில் 'அளவு' கட்டம்தான் என்னைப் படிக்க அனுப்பியது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் அத்தை, அதாவது மாமியார், உசிலம்பட்டிப் பக்கம். எனக்கு சுகர் என்றதும் சோற்றை நிறுத்திவிட்டு ராத்திரிக்குக் கேப்பைக் களி கிண்ட ஆரம்பித்தார். சோறுதானே எதிரி, களி சாப்பிட்டால் சுகர் வராது என்று ஊரே சொல்கிறது. ஆனால் களி சாப்பிட்ட ராத்திரிகளில் என் நோட்டில் எண் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் கடையிலிருந்து வரும்போது ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கி வந்து, அவர் உருண்டைக்கு எடுக்கும் மாவை நிறுத்துப் பார்த்தேன். ஓர் உருண்டைக்கு 140 கிராம் மாவு.

அப்போது என்னிடம் பதில் இல்லை. பிறகுதான் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணை கிடைத்தது. 528 உணவுப் பொருள்களுக்குச் சத்துக் கணக்கு போட்ட புத்தகம். அதன்படி 100 கிராமுக்கு மாவுச்சத்து: தீட்டிய பச்சரிசியில் 78 கிராம், கேப்பையில் 67, வரகில் 66, கம்பில் 62. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் ஊர் சொல்லும் அளவுக்கு இல்லை. 140 கிராம் கேப்பை மாவில் 93 கிராம் மாவுச்சத்து. 100 கிராம் அரிசியை வடித்துச் சாப்பிட்டிருந்தால் 78-தான். களியில் குற்றமில்லை. நார்ச்சத்து அரிசியில் மூன்று கிராமுக்கும் குறைவு, கேப்பையில் 11 கிராம். சுண்ணாம்புச் சத்தும் அள்ளிக்கொடுக்கும். உருண்டைதான் பெரிசு. பாதி உருண்டை, கூடவே கீரையும் பருப்பும் என்று மாற்றியதும் எண் இறங்கியது. அத்தைக்குத்தான் வருத்தம், "புள்ள அரை வயித்தோட படுக்குது" என்று.

தூக்கக் கட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடை சாத்தி, கணக்கு முடித்து, பத்தரை மணிக்கு வழியில் இரண்டு புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுப் போவது என் வழக்கம். தூங்கா நகரத்துக்காரிக்கு இதெல்லாம் பெருமை. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாள்களில், ஐந்து மணி நேரம் தூங்கிய மறுநாள் காலையில், எதுவும் சாப்பிடாமலே எண் கூடியிருந்தது. 'ஹோலிஸ்டிக்' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்தச் சொல்லுக்கு எனக்குக் கிடைத்த முதல் அர்த்தம் இதுதான்: தட்டை மட்டும் பார்த்தால் போதாது, மணி, தூக்கம், வேலை, சம்பளம் எல்லாம் சேர்ந்துதான் சாப்பாடு.

இரண்டாம் படி: யாருக்காகப் படிக்கிறீர்கள்?

இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் சில லட்சம் மிச்சமாகலாம். உங்கள் உடம்பையும் வீட்டையும் பார்த்துக்கொள்ளத்தான் என்றால் பட்டம் வேண்டாம், வேலையை விட வேண்டாம், ஐந்தாம் படியில் சொல்லும் சின்னப் படிப்புகள் போதும். பலருக்கு இதுவே சரியான முடிவு. அடுத்தவருக்குச் சொல்லிச் சம்பாதிக்க வேண்டும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

மூன்றாம் படி: பெயர்களைப் பிரித்துப் பாருங்கள்

இங்கேதான் நான் 35,000 ரூபாயை விட்டேன். 'ஹோலிஸ்டிக் நியூட்ரிஷன் கோச்' என்று ஓர் ஆன்லைன் படிப்பு. 45 நாள், ஜூமில் வகுப்பு. உடம்பைக் காரத்தன்மையாக மாற்றுவது, நச்சு நீக்கும் சாறுகள், நிலவு பார்த்து விரதம் என்று போனது. ஒருநாள் 'மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிடுபவருக்கு என்ன கவனிக்க வேண்டும்' என்று கேட்டேன். 'பாசிட்டிவாக இருக்கச் சொல்லுங்கள்' என்றார்கள். (நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதைப் பரிசோதிக்க வேண்டும். கல்லூரியில் இதை ஒரே வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.) கடைசியில் தங்க முத்திரை போட்ட சான்றிதழ் மெயிலில் வந்தது. பிரிண்ட் எடுத்த செலவும் என்னுடையதே.

எது என்ன என்று பார்ப்போம். 'டயட்டீஷியன்' என்பவர் உணவியல் பட்டம் படித்து, மருத்துவமனையில் பயிற்சி எடுத்து, நோயாளியின் ரிப்போர்ட்டையும் மருந்துச் சீட்டையும் பார்த்து உணவு வகுப்பவர். 'நியூட்ரிஷனிஸ்ட்' என்ற பெயரை நம் ஊரில் இதுவரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொண்டார்கள். ஆனால் 2021-இல் வந்த துணைநிலை, சுகாதாரத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இரண்டு பெயரையும் தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்தச் சட்டப்படி சுகாதாரத் தொழிலர் என்றால் குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு, துணைநிலைத் தொழிலர் என்றால் குறைந்தது 2,000 மணி நேரம். என் 45 நாள் படிப்பைக் கூட்டிப் பார்த்தேன். தினமும் ஒன்றரை மணி நேரம், மொத்தம் 67 மணி நேரம் சொச்சம்.

'ஹோலிஸ்டிக் நியூட்ரிஷன்' என்ற பெயரில் நம் நாட்டுச் சட்டம் அங்கீகரிக்கும் தனித் தொழில் கிடையாது. அது ஒரு பார்வை, ஒரு பாணி. முறையான உணவியல் படித்துவிட்டு அந்தப் பார்வையோடு வேலை செய்யலாம், தடுப்பார் இல்லை. மருத்துவம் சார்ந்தே அந்தப் பாதை வேண்டுமென்றால் சித்த மருத்துவமோ, இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த பட்டமோ இருக்கின்றன. இரண்டும் பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருஷம். சித்தாவுக்கு நீட் எழுத வேண்டும். 37 வயதில் அதை யோசித்தேன், இரண்டு நாள்தான்.

அதைவிட முக்கியமானது தொலைநிலைப் படிப்பு. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து, மேலே சொன்ன சட்டத்துக்குள் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. உணவு–ஊட்டச்சத்து அறிவியலும் மருத்துவ உணவியலும் அதில் அடக்கம். "வீட்டில் இருந்தே எம்.எஸ்சி. டயட்டெட்டிக்ஸ், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு" என்று யாராவது போன் பண்ணினால் இந்த அறிவிப்பைப் பற்றிக் கேளுங்கள். லைன் கட்டாகும்.

நான்காம் படி: யாருக்கும் ஆலோசனை சொல்லாதீர்கள்

இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

தங்க முத்திரைச் சான்றிதழ் வந்த அடுத்த மாதம், வில்லாபுரத்தில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். வயது 64, பத்து வருஷமாக சுகர். "நீ சொன்னாப் போதும்த்தா, நான் அப்படியே கேக்குறேன்" என்றார். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன்: ராத்திரி சோறு, இட்லி எதுவும் கூடாது, காய்கறி சூப்பும் வெள்ளரிக்காயும் மட்டும், காலையில் வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர். அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கவில்லை. கேட்கத் தெரியாது.

மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு, பால் பாக்கெட் எடுக்க மாடியிலிருந்து இறங்கியவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். சேலை நனையும் அளவுக்கு வேர்வை, கை நடுக்கம், வாய் குழறியிருக்கிறது. கீழ் வீட்டுப் பையன் அவனுடைய அப்பாவின் குளுக்கோமீட்டரை வைத்துப் பார்த்திருக்கிறான். 54. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. அந்தப் பையனுக்கு எப்படித் தெரியுமோ, மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டுத்தான் எனக்கு போன் செய்தான்.

மருத்துவமனையில் மாத்திரை அட்டையைப் பார்த்தேன். மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு. பின்னது கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவைக்கும் வகை. அதைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை நிறுத்தினால் சர்க்கரை எங்கே நிற்கும்? டாக்டர், "சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார். பெரியம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "நானாத்தான் குறைச்சேன் சார்" என்றார்.

அன்றைக்குத்தான் முறையாகப் படிப்பது என்று முடிவு செய்தேன். படித்து முடிக்கும்வரை யார் கேட்டாலும் "டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கா? அவங்ககிட்டயே கேட்டுட்டு மாத்துங்க" என்பதுதான் என் பதில். நம்மைப் போல நோயில் இருந்து படிக்க வருபவர்களுக்கு இந்தச் சோதனை அதிகம். நமக்குச் சரியானது எல்லோருக்கும் சரியாகும் என்று தோன்றும். கீழே உள்ளவை நான் பிறகு படித்தவை. இவை தெரியாமல் வாய் திறக்கக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

இளநீரும் வாழைத்தண்டும் நல்லதுதான், ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்கு அவற்றில் உள்ள பொட்டாசியம் இதயத்துடிப்பையே குழப்பும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் திடீரென்று தினம் ஒரு கட்டு கீரை என்று ஆரம்பித்தால், கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். அவருக்குக் கீரை கூடாது என்றில்லை, அளவு நாளுக்கு நாள் மாறக் கூடாது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. வெந்தயம்கூட சில மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரையை அதிகமாக இறக்கும். சமையலறையில் இருப்பதால் எல்லாமே சாது என்று நினைக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: வேலையை விடாமல் ருசி பாருங்கள்

இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் உணவு–ஊட்டச்சத்து பற்றி ஆறு மாதச் சான்றிதழ் படிப்பும், ஊட்டச்சத்து–சுகாதாரக் கல்வியில் ஒரு வருஷ டிப்ளமாவும் உண்டு. டிப்ளமாவுக்கு ப்ளஸ் டூ போதும். நான் 2023-இல் டிப்ளமா சேர்ந்தேன். மூன்று தாள்கள், ஒரு களப்பணி. ஜனவரி, ஜூலை என்று வருஷத்துக்கு இரண்டு சேர்க்கை. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். மண்டல அலுவலகம் மதுரையிலேயே இருக்கிறது. மேலே சொன்ன விதிமாற்றத்துக்குப் பிறகு எந்தெந்தப் படிப்புக்கு இந்தப் பருவம் சேர்க்கை என்பதை நேரில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இந்த டிப்ளமா உங்களை டயட்டீஷியன் ஆக்காது. உங்களுக்கு இந்தப் பாடம் பிடிக்கிறதா, ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து படிக்க உடம்பு ஒத்துழைக்கிறதா என்று காட்டும். அந்த வேலைக்கு அது மலிவு. மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளத்திலும் ஊட்டச்சத்துப் பாடங்கள் இலவசம். தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம்.

படிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, முன்பு சொன்ன சத்து அட்டவணை. இன்னொன்று, அதே நிறுவனம் 2024-இல் திருத்தி வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி, மொத்தம் 17 அறிவுரைகள். இந்த நிறுவனம் நம் குன்னூரில்தான் 1918-இல் பிறந்தது. பெரிபெரி நோயை ஆராய மெக்கரிசன் என்ற மருத்துவர் ஒற்றை அறையில் ஆரம்பித்தது, 1958-இல் ஹைதராபாத் போனது. நம் மலையில் இருந்து இறங்கிப் போன நிறுவனம் என்று வகுப்பில் சொன்னபோது எனக்கு என்னவோ பெருமையாக இருந்தது. புனேவில் தேசிய இயற்கை மருத்துவ நிறுவனம் என்று இன்னொன்று உண்டு. ஆங்கிலச் சுருக்கம் இரண்டுக்கும் NIN-தான். பலர் குழப்பிக்கொள்வார்கள்.

ஆறாம் படி: காசு

என் சம்பளம் மாதம் 28,000. அதை விட்டால் வீட்டுக்காரர் சம்பளத்தில் வாடகை, பையன் படிப்பு, மாத்திரை எல்லாம் நடக்க வேண்டும். டிப்ளமா படித்த வருஷம் முழுக்க ஒரு ஏலச்சீட்டைத் தொடாமல் கட்டினேன். இரண்டு லட்சம் கைக்கு வந்த பிறகுதான் கடையில் சொன்னேன். முதலாளி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஜி.எஸ்.டி. கணக்கை மட்டும் வீட்டிலிருந்து பார்த்துக்கொடு என்றார். இப்போது மூன்று சின்னக் கடைகளின் கணக்கை மாலையில் பார்க்கிறேன், கல்லூரிக் கட்டணம் அதில் போகிறது. பழைய தொழிலை முழுக்க அறுத்துவிடாதீர்கள். தையலோ டியூஷனோ கணக்கோ, ஏதாவது ஒரு நூல் கையில் இருக்கட்டும்.

வீட்டில் முதலிலேயே சொல்ல வேண்டிய ஒன்று: படித்து முடித்து ஆரம்பத்தில் வாங்கப்போகும் சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவாக இருக்கலாம். இதைப் படிப்பு முடிந்த பிறகு சொன்னால் சண்டை வரும்.

ஏழாம் படி: கேட்கப் பழகுங்கள், விலை பாருங்கள்

ஆலோசனை சொல்லக் கூடாது என்றேன், கேட்கலாம். உணவியலில் முதலில் சொல்லிக் கொடுப்பது, கடந்த 24 மணி நேரத்தில் என்ன சாப்பிட்டார் என்று ஒருவரிடம் கேட்டு எழுதுவது. சுலபம் என்று நினைத்துப் பெரியம்மாவிடமே பயிற்சிக்குப் போனேன். பாவம், இன்னும் என்னை உள்ளே விடுகிறார்.

"நேத்து காலையில இருந்து சொல்லுங்க பெரியம்மா."

"ஒண்ணும் சாப்பிடலைத்தா. ரெண்டு இட்லி. மத்தியானம் ஒரு கை சோறு. ராத்திரி தோசை."

எங்கள் ஆசிரியை சொல்லித் தந்திருந்தார்: சாப்பாட்டைக் கேட்காதே, நாளைக் கேள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், முதலில் என்ன செய்தீர்கள், அப்புறம் யார் வந்தார்கள் என்று கேட்டேன். ஐந்து மணிக்குக் காபி வந்தது. பக்கத்து வீட்டு அம்மா வந்தபோது இரண்டாம் காபி, இரண்டு முறுக்கு. கோயிலில் பொங்கல் பிரசாதம், "அது சாமி சாப்பாடுத்தா, கணக்குல வராது." சாயங்காலம் பேத்திக்கு வாங்கிய பருத்திப்பால், அதில் மிச்சம். 'ஒரு கை' என்ற சோற்றைக் கரண்டி காட்டி அளந்தால் மூன்று கரண்டி. அவர் பொய் சொல்லவில்லை. உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட்டால்தான் அவருக்குச் சாப்பாடு. ஐந்து பேரிடம் இப்படி எழுதிப் பழகுங்கள். கேட்டதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

அடுத்து, விலை. மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை, 1999 நவம்பர் 14-இல் திறந்தது. வாரம் ஒருநாள் காலையில் அங்கே போய் விலைப்பலகையை அப்படியே எழுதி வாருங்கள். வந்து, நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அந்த விலையில் ஒருநாள் சாப்பாடு எழுதிப் பாருங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 கணக்குப்படி பெரியவர்களுக்கு உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். துவரம்பருப்பு 100 கிராமில் 22 கிராம்தான் புரதம். நாம் சாம்பாருக்கு ஆளுக்கு எவ்வளவு போடுகிறோம் என்று யோசியுங்கள். முட்டை, மொச்சை, நிலக்கடலை, மோர் என்று கூட்டிக் கூட்டி ஐம்பதைத் தொட வேண்டும், அதுவும் காசுக்குள். சியா விதையும் வெண்ணெய்ப்பழமும் எழுதிக் கொடுப்பது சுலபம். பேரையூர், டி.கல்லுப்பட்டி கரிசலில் விளையும் குதிரைவாலியை ஒரு வீடு வாரத்துக்கு இரண்டு நாள் சமைக்கும்படி செய்வதுதான் வேலை.

எட்டாம் படி: படித்த பிறகு எங்கே?

ஒன்பதாம் படிக்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் வாய்ப்புகள் குறைவு. எம்.எஸ்சி. முடித்து மருத்துவமனைப் பயிற்சியும் எடுத்தால் இந்திய உணவியல் சங்கம் நடத்தும் பதிவுபெற்ற டயட்டீஷியன் தேர்வை எழுதலாம். பெரிய மருத்துவமனைகளில் அந்தப் பதிவுக்கு மதிப்பு உண்டு. ஆக, பூஜ்யத்தில் இருந்து தொடங்கினால் ஐந்து, ஆறு வருஷம்.

மருத்துவமனை மட்டும்தான் வழி என்றில்லை. ஊட்டச்சத்துத் திட்டங்களில் தமிழ்நாடு பழம்பெரும் கை; முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கியதே மதுரையில்தான். அங்கன்வாடி, பள்ளி, தொண்டு நிறுவனம், உணவுத் தயாரிப்பு நிறுவனங்கள் என்று போகலாம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. கேட்க ஆள் இல்லாமல் போகாது.

சொந்தமாக போர்டு மாட்டுவதானால் சில எச்சரிக்கைகள். பெயருக்கு முன் 'டாக்டர்' போடாதீர்கள். 'சர்க்கரை நோயைக் குணப்படுத்துகிறோம்' என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். சர்க்கரை நோய் அதன் பட்டியலில் இருக்கிறது. நம் ஊர்ச் சுவர்களைப் பார்த்தால் அப்படி ஒரு சட்டம் இருப்பதாகவே தோன்றாது, அது வேறு விஷயம். சத்துமாவு அரைத்து விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் ஆலோசனையும் மாவு விற்பனையும் ஒரே கையில் இருக்கக் கூடாது. மாவு விற்பவருக்கு வருகிறவர் எல்லோருமே மாவு தேவைப்படுபவராகத்தான் தெரிவார்.

ஒன்பதாம் படி: சேர்வது

முதலில் உங்கள் ப்ளஸ் டூ குரூப்பைப் பாருங்கள். பி.எஸ்சி. உணவியலுக்குப் பொதுவாக அறிவியல் குரூப்போ மனையியலோ கேட்பார்கள். நான் பயாலஜி குரூப் படித்தவள். மார்க் வராததால் பி.காம். போனேன். இருபது வருஷம் கழித்து அந்த மார்க் வராத மார்க் ஷீட்தான் எனக்குக் கதவைத் திறந்தது. காமர்ஸ் குரூப் படித்தவர்கள் கல்லூரியில் நேரில் கேளுங்கள், விதி இடத்துக்கு இடம் மாறும். அறிவியல் பட்டதாரிகள் நேராக முதுநிலைக்கோ முதுநிலை டிப்ளமாவுக்கோ தகுதி உண்டா என்று கேட்டுவிட்டு வாருங்கள், மூன்று வருஷம் மிச்சமாகலாம்.

சுற்றுவட்டாரத்தில் பார்க்க வேண்டியவை: விளாங்குடிப் பக்கம் பாத்திமா கல்லூரியின் மனையியல் துறை, யானைமலை அடிவாரத்தில், வேளாண் கல்லூரி வளாகத்தில் இருக்கும் சமுதாய அறிவியல் கல்லூரி (இதற்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வழியாகத் தனி விண்ணப்பம்), சின்னாளப்பட்டிப் பக்கம் காந்திகிராமப் பல்கலைக்கழகம். வெளியூர் போக முடிந்தால் கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம். எந்தக் கல்லூரி ஆனாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: வயது வரம்பு உண்டா, மருத்துவமனைப் பயிற்சி எங்கே, புதிய ஆணையத்தின் பாடத்திட்டத்துக்கு இந்தப் பட்டம் பொருந்துமா. மூன்றாவது கேள்விக்கு அலுவலகத்தில் பதில் தெரியாவிட்டால் துறைத்தலைவரைப் பாருங்கள்.

வகுப்பைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். முதல் நாள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள், ஆசிரியை என்று நினைத்து. இப்போது எல்லோருக்கும் நான் அக்கா. உயிர்வேதியியல்தான் கஷ்டம், முதல் செமஸ்டரில் எனக்கு அரியர், இரண்டாம் முறை எழுதித் தேறினேன். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் ஒரு தடவை படித்தால் நிற்பது நமக்கு நான்கு தடவை படித்தால்தான் நிற்கும். ஆனால் இன்சுலின் பாடம் வந்தபோது நான் எதையும் மனப்பாடம் செய்யவில்லை.

ப்ளஸ் டூ தேர்வு முடிவு வரும் மே மாதத்தையொட்டி விண்ணப்பங்கள் திறக்கும். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பழைய பட்டச் சான்றிதழ் எல்லாவற்றையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள். தொலைந்திருந்தால் நகல் வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். என்னுடைய ப்ளஸ் டூ மார்க் ஷீட் மூன்று நாள் தேடியும் கிடைக்காமல், கடைசியில் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. அத்தைதான் வைத்திருக்கிறார், என்றைக்காவது ஆகும் என்று.